மொகிங்காவில் சோயா சாஸ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக ஆசிய நாடுகளின் பாரம்பரிய உணவுகளை வீட்டிலேயே சமைக்கும் முறைகள் வெளியாகி வருவதைத் தவறாமல் வாசித்து வருகிறேன். உணவகத்தில் முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்து உண்ணும் பண்டங்களை நம் வீட்டு அடுப்பிலேயே செய்ய முடியும் என்று சொல்லும் முயற்சியை வரவேற்கிறேன். ஆனால் சென்ற ஞாயிறன்று வெளியான, மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் சேர்த்து உண்ணும் பர்மிய மொகிங்காவின் செய்முறையைப் படித்தபோது, அந்த உணவை உண்டு வளர்ந்தவள் என்ற முறையில் எனக்கு வருத்தமே மிஞ்சியது. சோயா சாஸ் இரண்டு கரண்டி, சோள மாவு ஒரு கரண்டி, அஜினமோட்டோ ஒரு சிட்டிகை, மீனுக்குப் பதிலாக மீல் மேக்கர், 'வாழைத்தண்டு கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்' என்று ஒரு குறிப்பு. இவ்வளவையும் செய்தபின் பாத்திரத்தில் இருப்பது சுவையான ஏதோ ஒரு சூப்பாக இருக்கலாம். மொகிங்காவாக இருக்க வழியில்லை.

என் தாயார் இரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகள் அரசுடைமையானபின், ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைப் போல அவர் குடும்பமும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. நான் பிறந்தது வியாசர்பாடியில். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் ஏதேனும் ஒரு வீட்டில் மொகிங்கா கொதிக்கும். அதன் மணத்தை வைத்தே எந்த வீடு என்று சொல்லிவிடலாம். இன்று பாரிமுனையிலும் வியாசர்பாடியிலும் தள்ளுவண்டிகளில் விற்கும் நூடுல்ஸ் கலவையான அத்தோவைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். 'அத்தோ' என்பது கலந்து பிசைந்தது என்னும் பொருளுடைய பர்மியச் சொல்லிலிருந்து வந்தது என்பதும், அதன்மேல் நொறுக்கிப் போடும் 'பேஜோ'வில் 'பே' என்பது பயறு, 'ஜோ' என்பது பொரித்தது என்பதும் அவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் உண்பதில் குற்றமில்லை. தெரியாமல் செய்முறை எழுதுவதுதான் சிக்கல்.

நான் பழைமையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் மாறினால் உணவும் மாறும். பர்மாவிலேயே இரங்கூன் பக்கத்து மொகிங்கா கடலைமாவு சேர்ந்து கெட்டியாக இருக்கும். அரக்கான் கரையில் இதன் உறவாகிய உணவு நீர்த்துக் காரமாக இருக்கும். என் தாயாரே பல பொருள்களை மாற்றினார். இங்கு வந்த புதிதில் பர்மியரின் மீன் சாறு கிடைக்கவில்லை. 'ஙப்பி' என்ற புளித்த மீன் விழுதும் கிடைக்கவில்லை. அதற்காக அவர் உப்பைக் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கவில்லை. நெத்திலிக் கருவாட்டைத் தலை நீக்கிக் கழுவி, சட்டியில் லேசாக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி அந்தச் சாற்றை ஊற்றினார். மீன் சாறு என்பதே நெத்திலி வகை மீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது என்பதால், அவர் கண்டுபிடித்த மாற்று ஏறத்தாழ அதே வேலையைச் செய்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் அவர். ஆனாலும் எந்தப் பொருள் அந்தக் குழம்பில் என்ன வேலை பார்க்கிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தங்கள் செய்முறைகளில் நான் காணாதது இந்த ஒன்றைத்தான். ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொல்லும் முன், எடுக்கப்படுவது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று எழுதுபவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொகிங்காவையே எடுத்துக்கொள்கிறேன். ஆறு பேருக்கு அறுநூறு கிராம் கெளுத்தி மீன் வேண்டும். விரால் கிடைத்தால் அதுவும் நன்று. இரண்டு தண்டு எலுமிச்சைப் புல்லை அம்மிக்கல்லால் நசுக்கி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், சிறிது உப்பு ஆகியவற்றோடு இரண்டு லிட்டர் தண்ணீரில் மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்துக்கொண்டு, வெந்த நீரை வடித்து வைக்க வேண்டும். இந்த நீரைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரில் சமைத்தால் பாதிச் சுவை சாக்கடையோடு போய்விடும். பிறகு இருநூறு கிராம் வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு விரல் நீள இஞ்சி, ஊறவைத்த நான்கு காய்ந்த மிளகாய், எலுமிச்சைப் புல்லின் இளம் அடிப்பகுதி ஆகியவற்றை அரைத்து, நூறு மில்லி கடலை எண்ணெயில் நிதானமாக வதக்க வேண்டும். பர்மியர் இந்தப் பதத்தை 'ஸீ ப்யான்' என்பார்கள். எண்ணெய் திரும்பி வருதல் என்று பொருள். நம் வீடுகளில் 'எண்ணெய் பிரிந்து வரும் வரை' என்று சொல்வதுதான் அது. விழுதிலுள்ள ஈரம் வற்றிய பின்புதான் எண்ணெய் வெளியே வரும். ஈரம் இருக்கும் வரை பச்சை வாடை போகாது. தங்கள் செய்முறையில் 'இரண்டு நிமிடம் வதக்கவும்' என்று இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் வெங்காய விழுதின் கண்ணீர்கூட வற்றாது. குறைந்தது கால்மணி நேரமாவது ஆகும்.

அதில் உதிர்த்த மீனைப் போட்டு மீன் வாடை அடங்கும் வரை வறுத்து, வடித்த நீரை ஊற்றி, வெறும் சட்டியில் மணம் வர வறுத்த ஐம்பது கிராம் கடலைமாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்க்க வேண்டும். சில வீடுகளில் இதற்கு வறுத்த அரிசிமாவைப் போடுவார்கள். இரண்டையும் கலப்பவர்களும் உண்டு. இந்த இடத்தில்தான் தாங்கள் சோள மாவைச் சொல்லியிருக்கிறீர்கள். சோள மாவு சீக்கிரம் கெட்டியாகும், பளபளக்கும், வழவழக்கும். ஆனால் நெடுநேரம் கொதித்தால் மறுபடியும் நீர்த்துப்போகும். மொகிங்காவோ விடியற்காலையில் அடுப்பில் ஏற்றப்பட்டு வெயில் ஏறும் வரை கொதித்துக்கொண்டே இருக்கும் தெருவோரக் காலையுணவு. வறுத்த கடலைமாவு அந்தக் கொதிப்பைத் தாங்குவதோடு, குழம்புக்கு ஒரு மண்வாசனையையும் கனத்தையும் தருகிறது. சோள மாவுக்கென்று தனிச் சுவை எதுவும் கிடையாது. இத்தனைக்கும் கடலைமாவு நம் வீடுகளில் பஜ்ஜிக்கென்று எப்போதும் இருப்பது. எளிதில் கிடைப்பதை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கச் சொல்வதன் நோக்கம் எனக்கு விளங்கவில்லை.

வாழைத்தண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 'வாழைத்தண்டு கிடைக்காவிட்டால்' என்று எழுதியதைப் படித்து என் அண்டை வீட்டார்கூடச் சிரித்தார்கள். எந்தக் காய்கறிச் சந்தைக்குப் போனாலும் குவிந்து கிடக்கும் பொருள் அது. மெல்லிய இளந்தண்டாகப் பார்த்து வாங்கி, வட்டமாக நறுக்கி, நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்துவிட வேண்டும். பொரியலுக்குச் செய்வதுபோல மோரில் போடக் கூடாது. குழம்பில் மோர்ப் புளிப்பு ஏறிவிடும். உப்புக் கலந்த நீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு அதில் போட்டால் கறுக்காது. நூற்றைம்பது கிராம் தண்டையும் உரித்த சின்ன வெங்காயம் பதினைந்தையும் முழுதாகச் சேர்த்து, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். மாவும் மீனும் சேர்ந்து கூழாகிவிட்ட குழம்பில் பல்லுக்குக் கடிபடும் பொருள் இந்தத் தண்டு ஒன்றுதான். மீனின் கனத்தை அது இலேசாக்குகிறது. சென்னையில் அத்தோ விற்கும் வண்டிக்காரர்கள் பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப் கொடுப்பதும் இந்த மொகிங்காவின் நினைவிலிருந்து வந்த பழக்கம் என்றே நான் கருதுகிறேன்.

இறக்கும் முன் இரண்டு மேசைக்கரண்டி மீன் சாறும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும் போதும். சோயா சாஸுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. அது நிறத்தைக் கறுப்பாக்கி, எலுமிச்சைப் புல்லின் மணத்தையும் மூடிவிடும். அஜினமோட்டோவை நான் நஞ்சு என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டாலும் அது நியாயமன்று. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேதா, அவர்கள் நாட்டுச் சாறுகளுக்குப் பயன்படும் 'கொம்பு' என்ற கடற்பாசியை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மீன் சாற்றிலும் கருவாட்டிலும் அதே சுவை இயற்கையாகவே நிறைய இருக்கிறது. மீனையும் மீன் சாற்றையும் எடுத்துவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்ட அஜினமோட்டோவைக் கொட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

சைவ உணவினருக்காகவே மீல் மேக்கர் சேர்க்கப்பட்டது என்று தாங்கள் விளக்கலாம். நோக்கம் சரியானது. ஆனால் மீல் மேக்கர் மென்று தின்பதற்கான பொருள். இங்கே மீன் செய்வது குழம்புக்குச் சாறும் ஆழமும் தருகிற வேலை. அதற்கு வழியைப் பர்மியரே காட்டியிருக்கிறார்கள். பகான் பகுதியில் கொள்ளை வேகவைத்து, அந்த நீரை மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சி, புளிக்கவைத்துக் கருநிற விழுதாக்குவார்கள். 'போன் யே ஜி' என்று அதற்குப் பெயர். கொள்ளு ரசம் வைக்கத் தெரிந்த நமக்கு இது அந்நியமானதன்று. என் மருமகள் சனிக்கிழமைகளில் அசைவம் உண்பதில்லை. அவளுக்காகக் கால் கிலோ கொள்ளை வேகவைத்து, வடித்த நீரைப் பாதியாக வற்றவைத்து, உலர்ந்த காளான் நான்கைந்தை ஊறவைத்த நீரோடு சேர்த்து, மீன் வெந்த நீருக்குப் பதிலாக ஊற்றிப் பார்த்தேன். மொகிங்காவின் சுவை முழுதாக வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டாள்.

நூடுல்ஸ் பற்றியும் ஒரு திருத்தம் உண்டு. இடியாப்பத்தைப் பிழிந்து போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவியில் வெந்த இடியாப்பம் சூடான குழம்பில் சில நிமிடங்களிலேயே கரைந்து கூழாகிவிடும். தொட்டு உண்பதற்கு ஏற்றது, மூழ்கவைப்பதற்கு ஏற்றதன்று. கடைகளில் கிடைக்கும் உலர்ந்த அரிசி நூடுல்ஸ் நானூறு கிராமை வெந்நீரில் ஊறவைத்து வடித்துக்கொண்டால் ஆறு பேருக்குப் போதும். கிண்ணத்தில் அதை வைத்துக் குழம்பை ஊற்றி, வேகவைத்த முட்டை, கொத்தமல்லி, பொரித்த பூண்டு, வறுத்துப் பொடித்த மிளகாய், எலுமிச்சைத் துண்டு ஆகியவற்றோடு, தட்டையாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரித்த பருப்பு வடையை உடைத்துப் போட வேண்டும். எலுமிச்சையை உண்பவரே பிழிந்துகொள்வதுதான் முறை.

ஒரு செய்முறையில் மட்டும் நேர்ந்த பிழை என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வாரங்களுக்கு முன்பு வந்த ரெண்டாங்கிலும் இதே குறைதான். மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களுடைய அந்த இறைச்சி உணவில், தேங்காய்ப்பால் வற்றி, திரிந்து, எண்ணெய் கக்கி, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கருஞ்சிவப்பாக வேண்டும். அதற்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். குழம்புப் பதத்தில் இறக்கினால் அதற்கு அவர்களிடமே 'காலியோ' என்று வேறு பெயர் இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றியபின் கொதிக்கவிடக் கூடாது என்ற நம் ஊர் விதியை எழுதியவர் அங்கேயும் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்கு முந்தைய வாரம் வந்த, கொரியர்களின் புளித்த முட்டைக்கோசான கிம்ச்சியில் வினிகர் ஊற்றச் சொல்லப்பட்டிருந்தது. கிம்ச்சியின் புளிப்பு, உப்பிட்ட முட்டைக்கோசில் நுண்ணுயிர்கள் பெருகி உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தினால் வருவது. நம் இட்லி மாவும் இந்த வகை நுண்ணுயிர்களால்தான் புளிக்கிறது. கிம்ச்சியைக் கூடிச் செய்து பகிர்ந்துகொள்ளும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சென்னை வெயிலில் ஒன்றிரண்டு நாள் வெளியே வைத்திருந்து பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் குடியிருக்கும் கொரியக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

எனவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். செய்முறைகளில் 'ஒரு கப்' என்று எழுதுவதைத் தவிர்த்துக் கிராம், மில்லி அளவுகளைத் தர வேண்டும். எங்கள் வீட்டிலேயே மூன்று அளவுகளில் கப் இருக்கிறது. உப்புக்குத் 'தேவையான அளவு' என்பது பொருந்தும், மாவுக்குப் பொருந்தாது. மாற்றுப் பொருள் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது, மூலப்பொருள் செய்யும் வேலை இன்னது, மாற்றுப் பொருள் அதில் எவ்வளவைச் செய்யும் என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். இடம் போதாது என்றால் ஒரு பக்கத்தில் நான்கு உணவுகளைத் தருவதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் தந்தாலே வாசகர்களுக்கு நிறைவாக இருக்கும். கிழக்கே உள்ள எல்லா நாடுகளையும் சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர் என்ற மூன்று பாட்டில்களுக்குள் அடைக்கும் வழக்கம் சாலையோர ஃப்ரைடு ரைஸ் கடைகளோடு நின்றுவிடட்டும்.

இந்த உணவுகளைத் தம் வீட்டில் தலைமுறையாகச் செய்துவருபவர்களைத் தேடித் தாங்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடியிருப்புகள் தமிழகத்தின் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே எழுபதையும் எண்பதையும் கடந்த பெண்கள் இன்னும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து விருந்துக்கு வைக்கும் கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்ததாகவே அந்தக் குடும்பங்களில் சொல்வார்கள். என் தாயார் எதையும் எழுதிவைக்கவில்லை; அவர் கையளவை நான் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டவைதான் மேலே உள்ள அளவுகள். அவர் காலமாவதற்கு முந்தைய ஆண்டு அப்படி நிறுத்துப் பார்த்தபோது, கைநிறைய அள்ளிய கடலைமாவு மூன்று முறையும் ஐம்பது கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம் முன்பின்னாகவே இருந்தது. தாங்கள் விரும்பினால் தேங்காய்ப்பால் நூடுல்ஸான கவுசுவே, உலர்ந்த இறாலைப் பொரித்துச் செய்யும் பலாச்சாங், கடலைமாவில் செய்யும் பர்மியத் தோஃபு ஆகியவற்றின் அளவுகளையும் இதேபோல் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன். அந்தத் தோஃபுவுக்குச் சோயாவும் வேண்டாம், பாலைத் திரிப்பதுபோல் எதையும் சேர்க்கவும் வேண்டாம். கடலைமாவைக் கரைத்துக் கிண்டிக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டாலே கட்டியாகிவிடும்.

மேலும் ஒரு சிறு திருத்தம். செய்முறையோடு தாங்கள் அச்சிட்டிருந்த வண்ணப் படம் மொகிங்காவின் படம் அன்று. வெளிர்மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் குழம்பும், கோதுமை நூடுல்ஸும், மேலே பொரித்த நூடுல்ஸும், கோழித் துண்டுகளும் அதில் தெளிவாகத் தெரிகின்றன, அது கவுசுவே. மொகிங்காவில் தேங்காய்ப்பால் சேர்ப்பதில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தத்தையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகி ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.